புரதத்தைக் கார்ட்டூனாக வரைவது: பைமாலில் ஒரு படம், தொடக்கம் முதல் முடிவு வரை

ஆய்விதழ்களைப் புரட்டினால் வானவில் நிறத்தில் சுருண்டு கிடக்கும் புரதப் படங்கள் நிறையக் கண்ணில் படும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதில் எதைப் பார்க்க வேண்டும் என்பது வரைந்தவருக்கு மட்டுமே தெரியும். மென்பொருளில் கோப்பைத் திறந்து, தானாக வந்த நிறங்களோடு அப்படியே சேமித்துவிட்டால் இதுதான் நடக்கும். தெளிவான படம் வேண்டுமென்றால் சேர்ப்பதைவிட நீக்குவதில்தான் அதிக நேரம் போகும். எதை நீக்கலாம் என்று தெரிய, படம் என்ன சொல்ல வேண்டும் என்பது முதலில் முடிவாக வேண்டும்.

அதனால் பைமால் என்ற புரதம் வரையும் மென்பொருளைத் திறக்கும் முன் படத்தின் கீழே வரப்போகும் விளக்க வரியை எழுதிவிடுங்கள். ஒரே வாக்கியம் போதும். இந்தக் கட்டுரையில் நாம் வரையப்போகும் படத்துக்கு அந்த வரி இது: "எச்ஐவி புரோட்டியேஸின் இரண்டு சங்கிலிகளுக்கு நடுவே இண்டினாவிர் மருந்து அமர்ந்திருக்கிறது, மேலிருந்து இரண்டு மடல்கள் அதை மூடியிருக்கின்றன." புரோட்டியேஸ் என்பது எச்ஐவி வைரஸின் ஒரு நொதி; மடல்கள் என்பவை மருந்தின் மேல் மூடி நிற்கும் அதன் இரண்டு பகுதிகள். இனி எந்த நிறம், எந்தக் கோணம், எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்த வரியைப் படித்துப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும்.

கார்ட்டூன் என்றால் என்ன?

நாம் எடுத்திருக்கும் அமைப்பின் பிடிபி எண் 1எச்எஸ்ஜி. பிடிபி என்பது புரத அமைப்புகளின் பொதுத் தரவகமான புரோட்டீன் டேட்டா பேங்க். அங்கே இலவசமாகக் கிடைக்கும். ஏ, பி என இரண்டு சங்கிலிகள். ஒவ்வொன்றிலும் 99 அமினோ அமிலங்கள். புரதத்தில் மட்டும் 1514 அணுக்கள். அத்தனையையும் புள்ளியும் கோடுமாகப் போட்டால் முட்புதர் போலத் தெரியும்; கண்ணுக்கு எதுவும் பிடிபடாது. கார்ட்டூன் உரு ஒவ்வொரு அமினோ அமிலத்திலிருந்தும் பக்கவாட்டில் கிளைக்கும் பக்கச்சங்கிலிகளை எல்லாம் விட்டுவிட்டு, அவற்றைத் தொடராகக் கோக்கும் முதுகுச் சங்கிலி போகும் பாதையை மட்டும் வரைகிறது. ஆல்ஃபா சுருள் சுருண்ட நாடாவாகவும், பீட்டா இழை அம்பு முனையோடு கூடிய பட்டையாகவும், மற்ற பகுதிகள் மெல்லிய குழாயாகவும் வரும். அம்பு முனை எப்போதும் சங்கிலியின் சி முனையை, அதாவது சங்கிலி முடியும் பக்கத்தை, நோக்கியே இருக்கும். இரண்டு இழைகள் ஒரே திசையில் போகின்றனவா எதிரெதிராகப் போகின்றனவா என்பது அம்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இந்த வரைமுறையைப் பரவலாக்கியவர் ஜேன் ரிச்சர்ட்சன். 1981-ல் வெளிவந்த நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்காக ஏராளமான புரதங்களைக் கையாலேயே வரைந்தார். எந்த இழை முன்னால் வரும், எது பின்னால் போகும், எங்கே கோட்டைத் தடித்துக் காட்டுவது என்று ஒவ்வொன்றையும் யோசித்து வரைந்த படங்கள் அவை. இன்று அந்த வேலையைக் கணினி நொடியில் செய்துவிடுகிறது. யோசிக்கும் பகுதியை மட்டும் நம்மிடமே விட்டுவைத்திருக்கிறது.

எந்த மென்பொருள்?

பைமால், கைமெராஎக்ஸ் இரண்டில் எதுவானாலும் சரி. பைமாலை 2000-ல் வாரன் டிலானோ வெளியிட்டார். இப்போது ஷ்ரோடிங்கர் நிறுவனத்திடம் இருக்கிறது. கட்டணப் பதிப்போடு திறந்த மூலப் பதிப்பும் உண்டு. கைமெராஎக்ஸ் சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவானது. வணிக நோக்கம் இல்லாதவர்களுக்கு இலவசம். ஒரு பார்வை பார்த்தால் போதும் என்றால் பிடிபி தளத்திலேயே உலாவியில் இயங்கும் மோல்ஸ்டார் இருக்கிறது. இங்கே பைமாலில், முடிந்தவரை மெனு வழியாகவே செய்யப் போகிறோம். கட்டளைகள் பிறகு தானாகப் பழகும்.

திறந்து, துப்புரவு செய்வது

ஃபைல் மெனுவில் கெட் பிடிபி என்பதைத் தேர்ந்தெடுத்து நான்கு எழுத்துக் குறியீட்டைக் கொடுங்கள். அமைப்பு இறங்கித் திரையில் வந்துவிடும். வலது பக்கப் பலகையில் அதன் பெயரும், பெயருக்கு நேராக ஏ, எஸ், எச், எல், சி என ஐந்து சிறு பொத்தான்களும் தெரியும். செயல், காட்டு, மறை, பெயர்ச்சீட்டு, நிறம். பைமாலின் பாதி வேலை இந்த ஐந்தில் அடங்கிவிடும்.

மவுஸ் விஷயத்தில் ஒன்று. இடது பொத்தானை அழுத்தி இழுத்தால் சுழலும்; நடுப் பொத்தானால் நகரும்; வலது பொத்தானை அழுத்தி இழுத்தால் அருகில் வரும், தள்ளிப் போகும். உருளையைச் சுழற்றினால் பெரிதாகும் என்று நினைத்துத்தான் எல்லோரும் சுழற்றுவார்கள். ஆனால் பைமாலில் அது வெட்டுத் தளத்தை நகர்த்தும்; புரதத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் காணாமல் போகும். பயப்பட வேண்டாம், எதுவும் அழியவில்லை. ரீசெட் பொத்தானை அழுத்தினால் முழுதாகத் திரும்பிவிடும்.

இப்போது புரதத்தைச் சுற்றிச் சிவப்புச் சிலுவைகளாகச் சிதறிக் கிடப்பவை நீர் மூலக்கூறுகள். இந்தக் கோப்பில் 127 இருக்கின்றன. ஏ பொத்தானுக்குள் நீரை அகற்றும் வசதி உண்டு; பல பயிற்சிக் குறிப்புகளில் முதல் வேலையாக அதைத்தான் சொல்வார்கள். இங்கே அதைச் செய்யாதீர்கள். 308 என்ற எண்ணுள்ள நீர் மட்டும் சும்மா இருக்கவில்லை. இரண்டு மடல்களின் நுனியில் உள்ள ஐசோலூசின் 50-களுக்கும் மருந்துக்கும் நடுவே நின்று இரண்டு பக்கமும் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கிறது. மடல்கள் மருந்தின் மேல் மூடி நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு. நம் விளக்க வரிக்கே அது தேவைப்படலாம்.

ஆகவே முதலில் அந்தச் சிலுவையைத் தேடிப் பிடித்து ஒரு கிளிக் செய்யுங்கள். மடல் நுனிகளுக்குக் கீழே, மருந்துக்கு மேலே நடுவில் இருக்கும். கிளிக் செய்ததும் அதன் எண் மேல் சாளரத்தில் எழுத்தில் வரும். 308-தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலகையில் தேர்வு என்று புது வரி ஒன்று முளைத்திருக்கும். அதன் ஏ பொத்தானில் மறுபெயர் கொடுத்து வையுங்கள், இல்லையென்றால் அடுத்த கிளிக்கில் அந்தத் தேர்வு கைவிட்டுப் போய்விடும். பிறகு புரதத்தின் எச் பொத்தானில் நீர் அனைத்தையும் மறைத்துவிட்டு, பெயரிட்ட தேர்வின் எஸ் பொத்தானில் சிறு உருண்டையாக அதை மட்டும் திரும்பக் காட்டுங்கள். அழிப்பதற்கும் மறைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மறைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கொண்டுவரலாம்.

அடுத்து, எஸ் பொத்தானில் 'ஆஸ்' என்ற துணை மெனுவுக்குள் கார்ட்டூனைத் தேர்ந்தெடுங்கள். மற்ற எல்லா உருக்களும் போய்க் கார்ட்டூன் மட்டும் நிற்கும். மருந்தும் காணாமல் போயிருக்கும். எஸ் பொத்தானில் 'ஆர்கானிக்' என்ற பிரிவில் குச்சி உருவைத் தேர்ந்தெடுத்தால் அது திரும்பும். நீர் உருண்டையும் போயிருந்தால் அதையும் ஒருமுறை காட்டச் சொல்லுங்கள்.

கோணம் முதலில், நிறம் அப்புறம்

நிறத்தில் விளையாட ஆரம்பித்தால் கோணம் மறந்துபோகும். அதனால் கோணத்தை முதலில் முடித்துவிடுவோம். ஏ பொத்தானில் ஓரியண்ட் கொடுத்தால் புரதத்தின் நீளமான அச்சு கிடைமட்டமாக வரும். அங்கிருந்து கையால் திருப்புங்கள்.

எச்ஐவி புரோட்டியேஸ் இரட்டைச் சமச்சீர் கொண்டது. ஒரு சங்கிலியை 180 பாகை சுழற்றினால் மற்றதன் மேல் ஏறக்குறைய பொருந்தும். அந்தச் சமச்சீர் அச்சு செங்குத்தாக வரும்படி, மடல்கள் மேலே, மருந்து நடுவில், இடப்பக்கம் ஒரு சங்கிலி, வலப்பக்கம் ஒரு சங்கிலி என்று நிறுத்தினால் நம் விளக்க வரி முழுவதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இத்துறையில் பெரும்பாலும் இந்தக் கோணத்தில்தான் வரைகிறார்கள். வாசகருக்கு ஏற்கெனவே பழக்கமான நிலை என்பதால் அதுவும் நமக்கு லாபம். அதேபோல சவ்வுப் புரதம் வரைந்தால் செல்லின் வெளிப்பக்கம் மேலே வருவது வழக்கம்.

சரியான கோணத்துக்கு ஒரு சோதனை உண்டு. முக்கியமான பொருளின் மேல் எந்த நாடாவும் குறுக்கே போகக்கூடாது. இரண்டு சுருள்கள் ஒன்றன் பின் ஒன்றாக மறைந்து ஒன்றுபோலத் தெரியக்கூடாது. ஐந்து பாகை திருப்பினாலே பல நேரம் சிக்கல் தீர்ந்துவிடும். தீராவிட்டால் இரண்டு படம் போடுங்கள், இடையில் சுழற்சிக் குறியோடு 90 பாகை என்று எழுதி. கோணம் பிடித்ததும் சீன் மெனுவில் அப்பெண்ட் கொடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள். தற்செயலாக நகர்த்திவிட்டாலும் ஒரே கிளிக்கில் அதே இடத்துக்கு வரலாம்.

இன்னொன்று. படம் இடப்பக்கம் பார்த்திருந்தால் நன்றாக இருக்குமே என்று படத் திருத்த மென்பொருளில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிடாதீர்கள். புரதங்களின் ஆல்ஃபா சுருள் வலக்கைச் சுருள், சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம், 5.4 ஆங்ஸ்ட்ராம் உயரம். பிம்பமாக மாறினால் அது இடக்கைச் சுருளாகிவிடும். தெரிந்தவர் கண்ணில் அது உடனே உறுத்தும். திருப்ப வேண்டுமானால் பைமாலுக்குள் அமைப்பையே சுழற்றுங்கள்.

நிறம்

நீளவாக்கில் நீலத்தில் தொடங்கிச் சிவப்பில் முடியும் வானவில் நிறம் ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்: சங்கிலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? உங்கள் படம் அதைப் பற்றியது என்றால் தாராளமாகப் போடுங்கள். நம் படம் அதைப் பற்றியது அல்ல.

இங்கே எனக்குப் பிடித்த வழி: இரண்டு சங்கிலிகளுக்கும் வெளிறிய நிறங்கள், மடல்களுக்கு அவற்றைவிடச் சற்று அழுத்தமானது, மருந்துக்கு மட்டும் பளிச்சென்ற ஒன்று. வலது மூலையில் மவுஸ் பலகைக்குள் 'செலக்டிங்' என்ற வரியைக் கிளிக் செய்துகொண்டே போனால் அது சங்கிலிகள் என்று மாறும். இனி நாடாவில் எங்கே கிளிக் செய்தாலும் முழுச் சங்கிலியும் தேர்வாகும். ஏ சங்கிலிக்கு வெளிர் சாம்பல், பி சங்கிலிக்கு வெளிர் நீலம். மடல்களுக்கு டிஸ்ப்ளே மெனுவில் சீக்வென்ஸ் பட்டையைத் திறந்து, 43 முதல் 58 வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள், இரண்டு சங்கிலிகளிலும். அவற்றுக்குக் கொஞ்சம் அடர்ந்த நீலம். மருந்தின் கார்பன்களுக்கு ஆரஞ்சு. சி பொத்தானில் 'பை எலிமெண்ட்' வழியே போனால் கார்பன் நிறம் மட்டும் மாறி, ஆக்சிஜன் சிவப்பாகவும் நைட்ரஜன் நீலமாகவும் இருக்கும்.

சிவப்பும் பச்சையும் எதிரெதிராக வைப்பதைத் தவிர்க்கவும். அவற்றைப் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாகவே இருக்கிறார்கள். நீலமும் ஆரஞ்சும் பெரும்பாலானோருக்குத் தெளிவாகத் தெரியும். முடித்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். அப்போதும் மருந்து தனித்துத் தெரிந்தால் நிறத் தேர்வு சரி.

சுருள் முடிந்து குழாய் தொடங்கும் இடத்தில் நிறம் ஒன்றுக்குள் ஒன்று வழிந்து மங்கலாகத் தெரியலாம். செட்டிங் மெனுவில் கார்ட்டூன் பகுதிக்குள் 'டிஸ்கிரீட் கலர்ஸ்' என்பதை இயக்கினால் எல்லை கத்தியால் வெட்டியதுபோல் வரும்.

பக்கச்சங்கிலி அந்தரத்தில் தொங்கினால்

புதிதாக வரைபவர்களை அதிகம் குழப்புவது இதுதான். மருந்தைப் பிடித்திருக்கும் அஸ்பார்டிக் அமிலம் 25-ஐக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நொதியின் வேலையைச் செய்யும் வினையூக்கும் அமிலம் இதுதான். ஒவ்வொரு சங்கிலியிலிருந்தும் ஒன்று. சீக்வென்ஸ் பட்டையில் இரண்டு 25-களையும் தேர்ந்தெடுத்துக் குச்சியாகக் காட்டியதும், பக்கச்சங்கிலியோடு முதுகுச் சங்கிலியின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நாடாவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். செட்டிங் மெனுவின் கார்ட்டூன் பகுதியில் 'சைட் செயின் ஹெல்பர்' என்பதை இயக்குங்கள். முதுகுப் பகுதி மறைந்து பக்கச்சங்கிலி மட்டும் நிற்கும்.

ஐசோலூசின் 50-ஐப் போல மடலில் இருப்பவற்றையும் குச்சியாகக் காட்டினால் அடுத்த சிக்கல் வரலாம். குச்சியின் அடி நாடாவைத் தொடாமல் காற்றில் நிற்கும். கோப்பில் பிழை எதுவும் இல்லை. பீட்டா இழை உண்மையில் மடிப்பு மடிப்பாகப் போவது. பைமால் அழகுக்காக அதை நீவிச் சமமாக்கித்தான் பட்டை வரைகிறது. அணு அதன் இடத்திலேயே இருக்க, பட்டைதான் விலகிப் போய்விட்டது. அதே கார்ட்டூன் பகுதியில் 'ஃப்ளாட் ஷீட்ஸ்' என்பதை நிறுத்துங்கள். பட்டை கொஞ்சம் நெளியும், ஆனால் குச்சி நாடாவிலிருந்தே முளைக்கும். என் பழக்கம் இப்படி: முழுப் புரதத்தைத் தூரத்திலிருந்து காட்டும் படத்தில் சமப் பட்டை, வினைமையத்தை அருகில் காட்டும் படத்தில் நெளிந்த பட்டை. அருகில் காட்டும்போது அணுக்களின் இடம் பற்றிப் பொய் சொல்லக்கூடாது.

'ஃபேன்சி ஹெலிசஸ்' என்று ஒரு வசதியும் அங்கேயே இருக்கிறது. நாடாவின் இரு ஓரத்திலும் குழாய் வைத்துத் தைத்ததுபோல் வரும். பெரிய படத்துக்கு அழகு. சின்னதாக அச்சாகும் படத்தில் ஓரங்கள் அப்பிக்கொள்ளும்.

அருகில் காட்டும் படத்தில் மருந்தின் முன்னால் நாடா ஏதாவது குறுக்கே வந்தால் பலர் உடனே ஒளி ஊடுருவும் தன்மையைக் கூட்டுவார்கள். நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறேன். பாதி தெரியும் நாடாவும் பின்னால் இருக்கும் குச்சியும் கலந்து, இரண்டுமே மங்கிவிடும். குறுக்கே வரும் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் கார்ட்டூனை மறைத்துவிட்டு, விளக்க வரியில் "தெளிவுக்காக இன்ன பகுதி நீக்கப்பட்டது" என்று சேர்ப்பது நேர்மையாகவும் இருக்கும், பார்க்கவும் எளிது.

ஹைட்ரஜன் பிணைப்புகளுக்கு மருந்தின் தேர்வில் ஏ பொத்தான், ஃபைண்ட், போலார் காண்டாக்ட்ஸ். புள்ளிக்கோடுகள் வரும். மென்பொருள் தூரத்தையும் கோணத்தையும் வைத்துக் கணித்தவை அவை. எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடாமல், நீங்கள் பேசப்போகும் இரண்டு மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சுருளும் இழையும் சரியாக வராதபோது

பிடிபி கோப்பில் பொதுவாக எந்த எண்ணிலிருந்து எதுவரை சுருள், எது இழை என்று எழுதப்பட்டிருக்கும். பைமால் அதைப் படித்துக்கொள்கிறது. வேறு நிரலிலிருந்து வந்த கோப்பில் அந்த வரிகள் இல்லாமல் போனாலோ, சுருள் நடுவில் உடைந்து தெரிந்தாலோ, ஏ பொத்தானில் இரண்டாம் நிலை அமைப்பை, அதாவது எது சுருள், எது இழை என்பதை, புதிதாகக் கணிக்கச் சொல்லலாம். வெவ்வேறு நிரல்கள் சுருளின் முனையில் ஓரிரண்டு அமினோ அமிலம் வித்தியாசமாகச் சொல்வது சகஜம். படம் அழகாக வர வேண்டும் என்று இல்லாத இழையைக் கையால் நீட்டி வரைவது மட்டும் கூடாது.

சங்கிலியில் சில இடங்கள் பரிசோதனையில் தெளிவாகத் தெரியாமல் விடுபட்டிருக்கும். புதிய பைமால் அங்கே புள்ளிக்கோடு போட்டு இணைக்கும். அப்படியே விடுங்கள்.

கூட்டுப் புரதம் வரைபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோப்பில் இருப்பது படிகத்தின் திரும்பத் திரும்ப வரும் அலகு; உடலுக்குள் இருக்கும் வடிவம் அதுவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினின் 1எச்எச்ஓ கோப்பைத் திறந்தால் இரண்டே சங்கிலிகள் வரும், உண்மையில் நான்கு. பிடிபி தளத்தில் 'பயாலஜிகல் அசெம்ப்ளி' என்ற கோப்பு தனியாக இருக்கும், அதை இறக்கிக்கொள்ளுங்கள். நம் 1எச்எஸ்ஜி கோப்பில் இரண்டு சங்கிலியும் ஏற்கெனவே இருக்கின்றன.

புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்ட் கணித்த அமைப்பானால் இன்னும் கவனம். அங்கே வெப்பக் காரணி (அணு எவ்வளவு அசைகிறது என்பதைக் குறிக்கும் எண்) இருக்க வேண்டிய பத்தியில் கணிப்பின் நம்பகத்தன்மை 0 முதல் 100 வரையிலான எண்ணாக இருக்கும். 90-க்கு மேல் மிக நன்று. 50-க்குக் கீழே உள்ள பகுதி பெரும்பாலும் புரதத்தைச் சுற்றி நூல் நூலாகப் பறந்துகொண்டிருக்கும். அந்த நூலுக்கு வடிவம் எதுவும் சொல்ல முடியாது. மறைத்துவிட்டு, மறைத்ததை எழுதிவிடுங்கள்.

ஒளி, கோடு, சேமிப்பு

டிஸ்ப்ளே மெனுவில் பின்னணியை வெள்ளையாக்குங்கள். கறுப்புத் திரையில் மின்னுவது தாளில் மையை விழுங்கும். அதே மெனுவில் 'டெப்த் க்யூ' தூரத்தில் இருப்பதை லேசாக மங்கச் செய்யும். கார்ட்டூனுக்கு அது நல்லது, ஆழம் தெரியும். ஆனால் பின்னால் இருக்கும் சங்கிலி வெள்ளையில் கரைந்துபோகும் அளவுக்கு வேண்டாம். நிழலைக் குறையுங்கள் அல்லது நிறுத்துங்கள். நாடாவின் மேல் விழும் கறுப்பு நிழல் இன்னொரு நாடா போலவே தெரியும்.

செட்டிங் மெனுவில் எல்லா அமைப்புகளும் அடங்கிய பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் 'ரே டிரேஸ் மோட்' என்று தேடி 1 என்று மாற்றினால் ஒவ்வொரு நாடாவைச் சுற்றியும் மெல்லிய கறுப்பு ஓரக்கோடு வரும். திரையில் உடனே தெரியாது. கடைசியாகக் கதிர்முறையில், அதாவது ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு, வரையும்போதுதான் வரும். மதிப்பு 3 கொடுத்தால் படக்கதை ஓவியம் போலத் தட்டையான நிறங்கள். வெளிறிய நிறங்களைப் பயன்படுத்தும்போது இந்த ஓரக்கோடுதான் படத்தைத் தூக்கி நிறுத்தும். எனக்கு 1 போதும்.

பிறகு மேல் வலப்பக்கம் உள்ள டிரா/ரே பொத்தான். அகலம் எவ்வளவு கொடுப்பது? இதழில் ஒற்றைப் பத்தி அகலம் சுமார் 8.5 செ.மீ. என்றால் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஏறத்தாழ 1000 பிக்சல், 600-க்கு 2000. 2400 பிக்சலில் எடுத்து வைத்தால் பெரும்பாலான தேவைகளுக்குப் போதும். பின்னணியை ஒளி ஊடுருவும்படி வைத்து, ரே முறையில் வரைந்து, பிஎன்ஜி ஆகச் சேமியுங்கள். ஜேபெக் வேண்டாம்; ஓரக்கோடுகளைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். திரையைப் படம் பிடித்துப் போடுவது அதைவிட மோசம்.

எழுத்துகளைப் பைமாலுக்குள் வைக்காமல், இங்க்ஸ்கேப் போன்ற ஒன்றில் பிஎன்ஜியைத் திறந்து அங்கே சேருங்கள். எழுத்தின் அளவை அச்சாகும் அளவில் பார்த்து முடிவு செய்ய வேண்டும். "மடல்", "இண்டினாவிர்", "அஸ்பார்டிக் அமிலம் 25": மூன்று போதும். நான்காவது சேர்க்கத் தோன்றினால் விளக்க வரியைத் திரும்பப் படியுங்கள்.

கடைசியாக, ஃபைல் மெனுவில் செஷனாகவும் சேமியுங்கள். தேர்வுகள், நிறங்கள், சேமித்த கோணங்கள் எல்லாம் அந்த ஒரே கோப்பில் இருக்கும். அதன் பெயரிலேயே பிடிபி எண்ணையும் தேதியையும் சேர்த்து வையுங்கள். விளக்க வரியின் முடிவில் பிடிபி எண், மென்பொருளின் பெயர், பதிப்பு, எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எதை மறைத்தீர்கள் ஆகியவை வந்துவிட்டால் படத்தை அனுப்பலாம். "மடல் நுனி இன்னும் தெளிவாகத் தெரியட்டும், கொஞ்சம் திருப்புங்கள்" என்று திருத்தம் கேட்டு வந்தால், செஷனைத் திறந்து திருப்பி, ரே பொத்தானை மறுபடி அழுத்தினால் முடிந்தது.